இன்னும் கொஞ்சம் கறுப்பு

அன்புக்கரசி ஒரு பயந்தாங்கொள்ளி. இதை மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சரவணம்பட்டியில் அவள் குடியிருக்கும் சந்துக்குள் போய் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்கு பஸ் ஏற மனசு வரும். வயது முப்பத்தாறு. இன்றைக்கும் லிஃப்டில் ஏற மாட்டாள். காலிங் பெல் அடித்தால் முதலில் நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள், அப்புறம்தான் கதவில் கை வைப்பாள்.

அப்படிப்பட்டவளை நம்பித்தான் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் தங்கள் ஃபிலிம் ரோல்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போனில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துச் சலித்துப்போய், பழைய கேமராவைத் தேடிப் பிடித்து, முப்பத்தாறு படத்தோடு தீர்ந்துபோகிற கலர் நெகடிவ் ரோலைப் போட்டு, சிநேகிதர்களையும் காதலிகளையும் உட்காரவைத்து எடுக்கிற கூட்டம் கோயமுத்தூரில் இப்போது நன்றாகவே பெருகியிருக்கிறது. அந்த ரோல்களைக் கழுவி, காயவைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதுதான் அன்புக்கரசியின் பிழைப்பு. குளியலறைதான் லேப். மருந்து முப்பத்தெட்டு டிகிரி சூட்டில் நிற்க வேண்டும். அரை டிகிரி ஏறினால் இவளுக்குக் காய்ச்சல் கண்டுவிடும். முதலில் ஊற்ற வேண்டிய பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்ட், இரண்டாவதாக ஊற்ற வேண்டியதில் இரண்டு. மாற்றி ஊற்றினால் முப்பத்தாறு படமும் துடைத்தெடுத்த மாதிரி போய்விடும், அழுதாலும் புரண்டாலும் திரும்பி வராது. அதனால் ஊற்றும் முன் ரப்பர் பேண்டை வாய்விட்டு எண்ணுவாள். ஆறு வருஷத்தில் ஒரு ரோல் கெட்டதில்லை.

"அக்கா, உங்க பயந்தான்க்கா எங்களுக்கு கேரண்டி" என்று ஷ்ரவ்யா என்ற பெண் ஒரு நாள் சொன்னாள். அன்புக்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் காந்திபுரத்தில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தாள். ஸ்டுடியோக்களிலிருந்து வருகிற முகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் வெளுக்க வைப்பது அவள் வேலை. யாரும் கேட்கவே வேண்டியதில்லை. கல்யாணப் பெண்ணானாலும் காதுகுத்துக் குழந்தையானாலும், ஏன், செத்துப்போனவரானாலும், ஃபைல் திறந்ததும் இரண்டு புள்ளி வெள்ளை ஏற்றியாக வேண்டும். ஏற்றாமல் அனுப்பினால் ஸ்டுடியோக்காரர் போன் போடுவார். "என்னம்மா, பார்ட்டி சண்டைக்கு வாராங்க. இன்னுங் கொஞ்சம் வெள்ளைங்கறாங்க." நாளொன்றுக்கு இருநூறு முகம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குக் கை பழகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் அப்பா சுப்பையன் தவறிப்போனார். தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு வெங்காயக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மனுசன், வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாழ்நாளில் அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், அதுவும் ஏதோ அட்டையில் பசை போட்டு ஒட்டியது. அன்புக்கரசி அதைப் பிய்க்கும்போதே பாதி கிழிந்தது. எப்படியோ ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, கிழிசலை ஒட்டி, அப்பா கோட்டே போட்டதில்லையே என்று ஆசைப்பட்டு ஒரு கோட்டும் மாட்டிவிட்டாள். வெள்ளை ஏற்றினதே அவளுக்கு ஞாபகமில்லை. கை தானாகச் செய்துவிட்டது. செய்து, பழைய ஃபைல் மேலேயே சேவ் பண்ணியும் விட்டாள். கிழிந்த படம் குப்பைக்கூடைக்குப் போனது.

காரியத்தன்று படத்தை மாலையோடு சுவரில் மாட்டினார்கள். அவள் அம்மா பழனியாத்தாள் எதிரே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆரு கண்ணு இது?"

"அப்பாம்மா."

"இந்தாளு ஆரோ. உங்கப்பன் கருங்காலிக் கட்டையாட்ட இருப்பான். இந்தாளுக்கு நான் பொண்டாட்டி இல்ல."

கத்தவில்லை, அழவில்லை. சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அப்பாவின் நிறம் இந்த உலகத்தில் எங்குமே இல்லை, அழித்தது அவள். அதற்கப்புறம்தான் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுக்க ஆரம்பித்தாள். லேப் வேலையையும் விட்டாள். இன்னொரு முகத்தைத் திருத்த அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது அம்மாவின் முறை வந்தது.

பழனியாத்தாள் ஐந்து வயதிலிருந்து காட்டு வேலைக்குப் போனவள். பசி தெரியாமலிருக்க இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வாள். நாற்பது வருஷம் அடக்கின இடத்தில் புண் வந்தது, ஆறவில்லை. தாராபுரத்தில் மகன் வீட்டிலிருந்தவளைக் கோயமுத்தூருக்கு அழைத்து வந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். டாக்டர் பேனாவை மூடியோடு எடுத்து, அம்மாவின் இடது காதடியிலிருந்து மோவாய் வரைக்கும் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அந்தத் தாடையெலும்பையும் கன்னத்தில் ஒரு பாகத்தையும் எடுத்தாக வேண்டும். காலிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்பார்கள்.

"அப்பறமும் நான் என்னையாட்டவே இருப்பனுங்களா சாமி?" என்று பழனியாத்தாள் கேட்டாள்.

டாக்டர் நல்ல மனுசன், பொய் சொல்லவில்லை. "மொதல்ல உசுரும்மா" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கண்ணு, கத்தி வெக்கறதுக்கு முந்தி என்னைய ஒரு போட்டோ எடுத்துப்போடு. என்ர நெறத்துலயே எடு. போன்ல வேண்டாம், அது எனக்குப் பவுடர் அப்பி உடுது. கழுவித் தர்றயே, அந்தப் பொட்டியில எடு."

அன்புக்கரசி சரி என்று தலையாட்டினாள். அன்றைக்கிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். திங்கள் காலை ஆபரேஷன். ஆகவே ஞாயிறு காலையில்தான் படம். ஆள் படத்துக்கென்றே வருகிற ரோல் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். நெகடிவ் ஃபிலிமுக்கு வெளிச்சம் கூடினால் பரவாயில்லை, குறைந்தால்தான் கறுத்த முகத்தில் கண்ணுக்கடியும் கன்னக்குழியும் சேறாகிப்போகும். எனவே ஒரு படி கூடுதலாகவே வெளிச்சம் விழும்படி கேமராவின் வளையத்தைத் திருப்பி வைத்தாள். வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே வெயில் நேராக விழாத இடத்தில் நாற்காலி போட்டாள். அம்மா மயில்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் தமிழ்ச்செல்வன் வந்து இறங்கினான். தாராபுரத்தில் மினி பஸ் ஓட்டுகிறவன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு காரை இரவல் வாங்கி ஓட்டி வந்திருந்தான். நாற்காலியைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், முகம் சுண்டிப்போயிற்று.

"ஏ அம்மிணி, உனக்கு அறிவிருக்குதா? ஆபரேசனுக்குப் போற ஆளைத் தனியா உக்கார வெச்சுப் போட்டோ எடுக்கறயே, எதுக்கு எடுப்பாங்க தனிப்போட்டோ?"

எதற்கு என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் வயதானவர்கள் தனியாக எடுத்துக்கொள்கிற படம் ஒரே ஆணிக்குத்தான் போகும், மாலையோடு. அன்புக்கரசிக்குக் கேமரா கையில் கனத்தது. அண்ணன் வாயில் வந்தது அவள் நெஞ்சில் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்ததுதான். எடுத்துவிட்டால் நாமே வாசலைத் திறந்து விட்டதாகிவிடுமோ? எடுக்காவிட்டால் அப்பாவைப் போல அம்மாவும் இல்லாமலே போய்விடுவாளோ?

பழனியாத்தாள்தான் தீர்ப்புச் சொன்னாள். "அவங் கெடக்கறான். டேய், தனியா எடுத்தாத்தான ஆகாது? நீ இக்கட்டால வந்து நின்னு என்ர தோள்மேல கையை வெய்யி. கை வந்துட்டா அது தனிப்போட்டோ இல்ல பாரு. மாலை போடறவன் உன்ர கைக்குஞ் சேத்துத்தான் போடோணும்."

அவன் முனகிக்கொண்டே வந்து நின்றான். ஃபிரேமுக்குள் அவன் முகம் இல்லை, தோளில் வைத்த கை மட்டும் இருந்தது. ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அது சேலையோடு சேர்த்துத் தோளை இறுகப் பிடித்திருந்ததை அன்புக்கரசி லென்ஸ் வழியாகப் பார்த்தாள்.

அவள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரியம் செய்வது வழக்கம். ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது கேமராவின் இடதுபக்கக் குமிழைப் பார்ப்பாள். உள்ளே ஃபிலிம் ஓடினால் குமிழும் கூடவே சுற்றும். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் பல்லில் மாட்டவே இல்லை, வெறும் கேமராவை அமுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். யார் படம் எடுத்தாலும், "குமிழைப் பாருங்க, குமிழைப் பாருங்க" என்று பிள்ளைகளின் உயிரை வாங்குவாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அன்றைக்கு அவள் ஒரு தடவைகூடக் குமிழைப் பார்க்கவில்லை. அம்மாவின் இடது கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இருக்காத கன்னம். ஒவ்வொரு தரம் அமுக்கும்போதும் இன்னொன்று, இன்னொன்று என்று கை பறந்தது. எண் முப்பத்தாறைத் தாண்டியதும் தெரியவில்லை. முப்பத்தேழு. முப்பத்தெட்டில் லீவர் இறுகியது. தள்ளினாள். உள்ளே சடக்கென்று ஒரு சத்தம், அப்புறம் லீவர் தொளதொளவென்று போய்விட்டது.

ஃபிலிமைத் திரும்பச் சுருட்டக் குமிழைச் சுற்றினாள். எந்தப் பிடியும் இல்லாமல் அது காற்றாகச் சுழன்றது.

குமிழ் இப்படிச் சும்மா சுழன்றால் இரண்டில் ஒன்று. ஃபிலிம் ஆரம்பத்திலேயே மாட்டாமல் தான் வந்த சின்ன டப்பாவுக்குள்ளேயே கிடக்கலாம். அப்படியானால் ஒரு படம்கூட விழவில்லை, இப்போதே திறந்து, மாட்டி, முதலிலிருந்து எடுக்க வேண்டும். அல்லது அவள் மல்லுக்கட்டித் தள்ளினதில் ஃபிலிமின் கடைசி நுனி டப்பாவிலிருந்து பிய்ந்து, முழுச் சுருளும் மூடியில்லாமல் மறுபக்கத்தில் கிடக்கலாம். அப்படியானால் எல்லாப் படமும் இருக்கிறது, ஆனால் மூடியைத் திறந்த நொடியில் எல்லாம் செத்துப்போகும். கேட்ட சடக் லீவரின் பல் உடைந்ததாகவும் இருக்கலாம், ஃபிலிம் பிய்ந்ததாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. மணி ஒன்பதரை ஆகியிருந்தது.

"என்னாச்சு?" என்றான் தமிழ்ச்செல்வன். அவள் திக்கித் திணறிச் சொன்னாள்.

"இதுக்கா இந்தப் பாடு? தொறந்து பாத்தாத் தெரிஞ்சுட்டுப்போவுது" என்று சொல்லிக் கேமராவை அவள் கையிலிருந்து வாங்கி, கட்டைவிரலை மூடியில் வைத்தான்.

"தொறந்தீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்!"

தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். அண்ணனை இதுநாள் வரை "ங்ணா" போடாமல் கூப்பிட்டறியாதவள். தமிழ்ச்செல்வன் விரலை எடுத்துவிட்டு, கேமராவைக் குழந்தையைத் தருவது மாதிரி இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். அன்புக்கரசிக்கும் தன் சத்தத்தைக் கேட்டுத் தனக்கே பயமாகிவிட்டது.

கறுப்புப் பை ஒன்று வைத்திருந்தாள். துளி வெளிச்சம் புகாத துணிப்பை. ஜிப்பை மூடிவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள எலாஸ்டிக் கைகளுக்குள் கையை விட்டு உள்ளே வேலை செய்யலாம். கேமரா, கழுவுகிற டப்பா, அதன் மூடி, ஃபிலிம் சுற்றுகிற சக்கரம், கத்தரிக்கோல். ஐந்து. எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்றாம் தரமும் எண்ணி, ஜிப்பை மூடிக் கையை விட்டாள்.

உள்ளே கேமராவின் மூடி திறக்கிற சத்தம் அவளுக்கு இடி மாதிரி கேட்டது. விரலால் தடவினாள். ஃபிலிம் டப்பாவிலிருந்து நாக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. விரலை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். சுருள். தடித்த, வழவழப்பான, முழுச் சுருள்.

"இருக்குதும்மா" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "பிஞ்சுபோச்சு, ஆனா இருக்குது."

"இருந்தாச் சரி. அப்பறமென்னத்துக்கு அழுவாச்சி?" என்றாள் பழனியாத்தாள்.

அழுகை எதற்கென்றால், இனிமேல்தான் கண்டம். அதைச் சக்கரத்தின் பள்ளத்தில் நுழைத்துச் சுற்றி, கழுவுகிற டப்பாவுக்குள் இறக்கி மூடும்வரை கையை வெளியே எடுக்க முடியாது. பைக்குள் காற்று கிடையாது. பயந்தவள் கை எப்படி வேர்க்கும்? குடம் குடமாக வேர்த்தது. ஈரம் பட்ட ஃபிலிம் பாதி தூரம் போய்ச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது. தள்ளினால் மடங்குகிறது, இழுத்தால் கிறீச்சென்கிறது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் அம்மாவின் முகத்தில் கீறல் விழுவதாகவே அவளுக்குத் தோன்றியது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கிற்று, துடைக்கக் கையில்லை. போதாக்குறைக்கு ஒரு ஈ வந்து மூக்கின்மேல் உட்கார்ந்தது. "சூ, சூ" என்று ஊதினாள். அது அசைவேனா என்றது.

பழனியாத்தாள் ஈயை விரட்டினாள். முந்தானையால் மகளின் நெற்றியை ஒற்றினாள், கழுத்தை ஒற்றினாள். பிறகு முறத்தை எடுத்துவந்து எதிரே குந்தி விசிற ஆரம்பித்தாள். நாளைக்குக் கத்திக்குப் போகிறவள் இன்றைக்கு மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது போயிருச்சுன்னா?"

"போனாப் போவுது போ."

"அப்பா படத்தயும் நாந்தானம்மா தொலச்சேன்."

முறம் ஒரு கணம் நின்றது. "அதையே எத்தன நாளைக்கு நெனச்சுட்டு இருப்பே? கையப் பாரு" என்றாள். முறம் மறுபடி அசைந்தது.

அன்புக்கரசி கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள். ஃபிலிமைச் சக்கரத்திலிருந்து மெல்ல உருவி, நுனியின் இரண்டு மூலைகளையும் துளியூண்டு நறுக்கி வளைவாக்கி, மறுபடி நுழைத்தாள். இந்தத் தரம் போயிற்று. விரலளவு, சாண் அளவு, முழுசாக. டப்பாவை மூடி, மூடியை மூன்று தரம் திருகிப் பார்த்துக் கையை வெளியே இழுத்தாள். கையிரண்டும் வெந்நீரில் ஊறினது மாதிரி வெளுத்திருந்தது.

குளியலறையில் சூடு முப்பத்தெட்டு. "ஒரு ரப்பர் பேண்டு. ஒண்ணு. ஒண்ணேதான்" என்று சொல்லிக்கொண்டே முதல் மருந்தை ஊற்றினாள். மூன்றேகால் நிமிடம். "ரெண்டு ரப்பர் பேண்டு" என்று அடுத்தது. வாசலில் அம்மாவும் அண்ணனும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவி முடித்துச் சுருளை வெளியே இழுத்தபோது அவள் முதலில் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள், வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். போன உயிர் திரும்பி வந்தது.

"எங்க காட்டு" என்று பழனியாத்தாள் எட்டிப் பார்த்தாள். அன்புக்கரசி ஈரச் சுருளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பழனியாத்தாள் வாழ்க்கையில் நெகடிவ் பார்த்ததில்லை. ஆரஞ்சு நிறப் பட்டைக்குள் பச்சைச் சேலை ரோசாவாக இருந்தது, பல் கறுப்பாக இருந்தது, முகம் மட்டும் பளிச்சென்று வெளிறிக் கிடந்தது.

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "இதுலயும் என்னைய வெள்ளையாக்கிப்போட்டியா கண்ணு?"

ஈட்டியால் குத்தினாலும் அன்புக்கரசிக்கு அப்படி வலித்திருக்காது. "இல்லம்மா, சாமி சத்தியமா இல்ல! இதுல எல்லாமே தலைகீழா விழுகும். கறுப்பு வெளுப்பாத் தெரியும், வெளுப்பு கறுப்பாத் தெரியும். காயட்டும், கம்ப்யூட்டர்ல திருப்பிக் காட்டறேன்."

"அப்படின்னா உன்ர நெகடிவுல வெள்ளக்காரியெல்லாம் என்னையாட்ட இருப்பாளாக்கும்" என்றாள் பழனியாத்தாள். தமிழ்ச்செல்வன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். ஆனால் அம்மாவின் கண் நம்பவில்லை. ஒரு தடவை ஏமாந்த கண் அது.

காயும் வரை மூன்று பேரும் சாப்பிட்டதாகப் பேர் பண்ணினார்கள். ஒன்றரை மணிக்குச் சுருளை வெட்டி ஸ்கேனரில் வைத்தாள். சக்கரத்தில் சிக்கிய இடத்திலெல்லாம் நகம் பட்டாற்போல் வளைந்த தழும்பு. பதினொரு படம் அப்படிப் போயிற்று. ஒரு படம் பாதியில் கிழிந்திருந்தது. மற்றதில் பாதிக்கு மேல் அம்மா கண்ணை மூடியிருந்தாள். அலசி அலசி ஒன்று நின்றது. கண் நேரே பார்க்கிறது, வீங்கிய இடது கன்னம் ஒளிக்காமல் வெளிச்சத்துக்குத் திரும்பியிருக்கிறது, தோளில் அண்ணன் கை.

நெகடிவைத் திருப்பியதும் கம்ப்யூட்டர் தன் புத்தியைக் காட்டிற்று. தானாகவே முகத்தைத் தூக்கி வெளுத்துக் கோதுமை நிறமாக்கித் திரையில் போட்டது. அன்புக்கரசி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். குறைக்க வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும்? தன் கையை நம்ப அவளுக்குத் தைரியமில்லை. இருநூறு முகத்தை நாள்தோறும் பொய்யாக்கின கை.

"அம்மா, இங்க வா. உன்ர கையை இப்படித் திரைக்குப் பக்கத்துல வெய்யி."

பழனியாத்தாள் புறங்கையைத் திரையோரம் வைத்தாள். வெங்காயம் அறுத்த தழும்பு ஓடிய, அடுப்புக்கரி போன்ற கை. அன்புக்கரசி கையைப் பார்த்துப் பார்த்து அம்புக்குறியை நகர்த்தினாள்.

"இன்னுங் கொஞ்சம் கறுப்பு" என்றாள் அம்மா.

நகர்த்தினாள்.

"இன்னுங் கொஞ்சம்."

அந்தக் கலர் லேபில் ஆயிரம் பேர் அவளிடம் கேட்டதற்கு நேர் எதிராக ஒருத்தி கேட்டாள். நகர்த்தினாள். திரையில் இருந்த கன்னமும் திரையோரத்துக் கையும் ஒரே உடம்பாயின.

"நிறுத்து. ஆங், இது நானு." பழனியாத்தாள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பயந்துட்டு இருக்கறது தெரியுது பாரு, கண்ணுல."

அன்புக்கரசி திகைத்துப்போனாள். பயம் என்ற சொல்லே அம்மா வாயில் வந்து அவள் கேட்டதில்லை. "அழிச்சுரட்டுமாம்மா? கண்ணைக் கொஞ்சம் தெளிவாக்கீரலாம்."

"ஒண்ணையும் தொடாத. எனக்குப் பயந்தான் கண்ணு. மூணு வாரமா ராத்திரி கண்ணு மூடல. நீ பயந்துக்குவீன்னு சொல்லல." அவள் சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். "கெடக்கட்டும் அதும். என்ரதுதான். நேரமாச்சு, வா போலாம்."

அன்புக்கரசி பழைய ஃபைலை அப்படியே விட்டு, புதியதை வேறு பெயரில் சேவ் பண்ணினாள். இரண்டையும் இன்னும் மூன்று இடத்தில் ஏற்றினாள். அப்புறம்தான் வீட்டைப் பூட்டினாள். அன்றைக்குப் பூட்டை இழுத்துப் பார்த்தது தமிழ்ச்செல்வன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பத்து மணி நேரம். அன்புக்கரசி மாரியாத்தாளிலிருந்து மருதமலை முருகன் வரை யாரையும் பாக்கி வைக்கவில்லை. தமிழ்ச்செல்வன் காரிடாரில் நடந்துகொண்டே இருந்தான். தனிப்போட்டோவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்காததே அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து, "பழனியாத்தாளோட ஆளுங்க யாருங்க? முடிஞ்சுது. ஒரு நிமிசம் பாத்துட்டு வந்துருங்க" என்றாள்.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். நர்ஸ் காட்டிய கட்டிலின் எதிரே போய் நின்ற அன்புக்கரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையெல்லாம் கட்டு. மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் ஒரு குழாய். தெரிந்த கொஞ்சம் முகமும் பூசணிக்காயாக வீங்கி, மருந்து மஞ்சளும் வெளிறலுமாக, கண் இருக்குமிடம் ஒரு கோடாக. இது யாரோ. கட்டில் மாறிவிட்டதா? ஆளை மாற்றிக் காட்டிவிட்டார்களா? அம்மா எங்கே? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வெள்ளைப் போர்வை மேல் கிடந்த கையைப் பார்த்தாள். வெங்காயம் அறுத்த தழும்பு. நேற்று மத்தியானம் திரையோரத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் கண்டுபிடித்த நிறம்.

"அம்மா" என்று அந்தக் கையைப் பிடித்தாள். விரல்கள் மெல்ல அசைந்து அவள் விரலை அமுக்கின. மறுபடியும் அமுக்கின. அவள் வாய்விட்டு அழுதாள்.

தமிழ்ச்செல்வன் கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றான். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. குழாய்களில் படாமல் அம்மாவின் தோளில் கையை வைத்தான்.